சுமலீஜா என்று பெயர் கட்டிய கதை

1

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்குத்தான் எல்லாம் கோணத் தொடங்கியது.

ஷார்ஜா மணிக்கு நாலு பத்து. நெமிலிச்சேரியில் அப்போது ஐந்து நாற்பது. என் மகள் அம்பத்தூரில் பள்ளி முடிந்து மின்சார ரயிலில் வந்து இறங்கி, முகம் கழுவி, பக்கத்து வீட்டு முன்னறையில் என் போனுக்காக உட்கார்ந்திருக்கும் நேரம். பன்னிரண்டு வருடமாக வெள்ளிக்கிழமைகளில் இதுதான் ஏற்பாடு. நான் கார்டு போன் வரிசையில் நின்று, என் முறை வந்ததும், சாப்பிட்டாயா, மழை பெய்ததா, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்பேன். அவள், சாப்பிட்டேன், பெய்தது, அப்படியேதான் இருக்கிறது என்பாள். குழந்தையாக இருந்தபோது ரயிலில் பார்த்த நாய்க்குட்டி வரை சொல்வாள். இப்போது பத்தாவது. மூன்று பதில்களோடு போன் அம்மாவின் கைக்குப் போய்விடும்.

அன்று அவள் முந்திக்கொண்டாள். நான் ஒரு கடிதம் எழுதி உடனே பள்ளிக்கு ஃபேக்ஸ் செய்ய வேண்டுமாம்.

"என்ன லெட்டர்மா?"

"பேரை மாத்தறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு. அப்பா எழுதிக் கொடுத்தாத்தான் ஒத்துக்குவாங்களாம்."

"யார் பேரை?"

"என் பேரைத்தான். உங்க பேரை எதுக்குப்பா என் ஸ்கூல்ல மாத்தப் போறாங்க."

பிள்ளைகளைப் பத்தாவது வரை படிக்க வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளியிலிருந்து நாமினல் ரோல் என்று ஒரு பட்டியல் போகிறது. அதில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுதான் சான்றிதழில் அச்சாகும். பிறகு பாஸ்போர்ட், வேலை, கல்யாணப் பத்திரிகை என்று சாகும்வரை அதுதான் பெயர். அதற்கு அப்புறம் மாற்ற வேண்டுமென்றால் அரசிதழ், பத்திரிகை விளம்பரம் என்று அலைய வேண்டும். அதனால்தான் வகுப்பாசிரியைகள் அந்த மாதத்தில், திருத்தம் யாருக்காவது உண்டா என்று கேட்கிறார்கள். மற்ற பிள்ளைகள் பிறந்த தேதியையும் இனிஷியலையும் சரி செய்துகொண்டார்கள். என் மகள் எழுந்து நின்று, எனக்குப் பெயரே வேறு வேண்டும் என்றிருக்கிறாள்.

பட்டியல் புதன்கிழமை போகிறது. கேட்கிற பெயர், பிரியா.

எனக்குப் பின்னால் நின்ற பெங்காலி நண்பர் தோளைத் தட்டினார். கார்டு தீர்ந்து ஒரு நிமிடம் ஆகியும் நான் ரிசீவரை வைக்கவில்லையாம்.

2

அவள் பெயர் சுமலீஜா. அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நான் கட்டியது.

எண்பத்து மூன்றில் அவள் பிறந்தபோது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐ.டி.ஐ.யில் என் வகுப்பில் மூன்று ஜானகிராமன்கள். ஒருவன் நெட்டை ஜானகிராமன், ஒருவன் கறுப்பு ஜானகிராமன். என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லாததால் நான் இன்னொரு ஜானகிராமன். இரண்டு வருடம் இன்னொருவனாக இருந்து பாருங்கள், தெரியும். எனக்குப் பிள்ளை பிறந்தால் அதன் பெயர் இந்த உலகத்தில் வேறு யாருக்கும் இருக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்திருந்தேன்.

ஆனால் பிள்ளை பிறந்ததும் ஆளுக்கொரு பாத்தியதை வந்தது. என் அப்பா சுப்புராயன், வெள்ளானூரில் அடுத்தவர் நிலத்தில் வரப்பு அண்டை வெட்டி, நாற்று சுமந்து, பிறகு ஒரு தொழிற்சாலையில் காக்கிச் சட்டை போட்டு வாட்ச்மேன் ஆனவர். தலைப்பேரப் பிள்ளைக்குத் தாத்தா பெயர்தான் என்பது அவர் கட்சி. பெண் குழந்தைக்கு எப்படி சுப்புராயன் என்று வைப்பது என்றால், அது உன் சாமர்த்தியம், படித்தவன்தானே என்றார். மாமியார் லீலாவதியம்மாள், பிரசவம் கள்ளிக்குப்பத்தில் தன் வீட்டில்தானே நடந்தது, வெந்நீர் வைத்தவளுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டார். என் மனைவி மல்லிகா ஒன்றும் கேட்கவில்லை. அவளை விட்டுவிட்டால் பிறகு கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலை விவரம் எழுதிய ஒரு ஜாப் கார்டின் பின்பக்கம் நாலு பேரின் முதல் எழுத்தையும் எழுதி மாற்றி மாற்றிப் போட்டேன். ஜாமலீசு. மலீசுஜா. லீசுமஜா. மூன்றாம் நாள் சுமலீஜா என்று விழுந்தது. செய்த பாகத்தைக் கேஜ் வைத்து அளந்து பார்க்கும்போது ஒரு நூல்கூடப் பிசகாமல் உட்காரும் பாருங்கள், அந்தச் சந்தோஷம். சுப்புராயன், மல்லிகா, லீலாவதி, ஜானகிராமன். நான் கடைசியில் நின்றுகொண்டதை என் பெருந்தன்மை என்று நினைத்தேன்.

அப்பா, யார் எழுத்து முதலில் என்று மட்டும் கேட்டார், திருப்தியானார். மாமியார் விரல் விட்டு எண்ணி, தன்னுடையது மூன்றாவது என்று முகம் சுருங்கினார். ஆனால் அதில்தான் குரல் நீள்கிறது, கூப்பிடும்போது தெருக்கோடி வரை உங்கள் எழுத்துதான் கேட்கும் என்று நான் எடுத்துச் சொன்னதும் சமாதானமானார். மல்லிகா குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இதற்கு என்ன அர்த்தம் என்றாள். அர்த்தம் நாமதான் என்றேன். பதினைந்து வருடம் அந்தப் பதிலைப் பெரிய பதில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் பெயர் வைத்தோம். தாய்மாமன் குழந்தையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டும். மல்லிகாவின் தம்பி வேலுவுக்கு அப்போது இருபது வயது. இரண்டு தரம் ஒழுங்காகச் சொன்னான். மூன்றாவது தரம் சிரித்துவிட்டான்.

"இன்னா மாமா இது, பல்பொடி பேரு மாறி கீது."

மாமியார் அவன் தலையில் ஒன்று வைத்தார். ஆனால் அப்பாவுக்கு அது போதவில்லை. முதல் எழுத்து அவருடையது என்பதால் சிரிப்பும் முதலில் அவர்மேல்தான் விழுந்தது என்று கணக்குப் போட்டார். உங்கள் பிள்ளையை வளர்த்த லட்சணம் என்று அவர் ஆரம்பிக்க, வெள்ளானூர் லட்சணத்தைப் பற்றி மாமியார் தொடர, அப்பா இலையில் கை வைக்காமல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கள்ளிக்குப்பத்தை மிதித்ததில்லை. மாமியார் வெள்ளானூர் பஸ்ஸில் ஏறியதில்லை. எல்லோரையும் சேர்க்கக் கட்டிய பெயர், வைத்த அன்றே இரண்டு பேரைப் பிரித்தது. பேத்தியை இரண்டு பேரும் பார்ப்பார்கள், தனித்தனியாக, எங்கள் நெமிலிச்சேரி வீட்டில், ஒருவர் வருவது தெரிந்தால் மற்றவர் வராமல்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் நாங்கள் யாரும் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

3

ஷார்ஜாவில் என் பெயர் சுப்புராயன்.

பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒரு பக்கம், அப்பா பெயர் ஒரு பக்கம். கம்பெனி அட்டையைத் தட்டச்சு செய்தவர் எது பிடித்ததோ அதை எடுத்துக்கொண்டார். எண்பத்தாறில் வந்த முதல் மாதம் திருத்தக் கேட்டேன். திருத்தினால் விசாவில் ஒன்று, அட்டையில் ஒன்று, வங்கியில் ஒன்று ஆகும், நீங்களே யோசியுங்கள் என்றார்கள். யோசித்தேன். பன்னிரண்டு வருடமாக நான் என் அப்பா. பட்டறையில் யாராவது மிஸ்டர் சுப்புராயன் என்று கத்தினால் திரும்புகிறேன். முதல் விடுமுறையில் இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். ஏரோப்ளேன் ஏறாமலே ஷார்ஜா பார்த்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

என் அறையில் கூட இருப்பவர் குரியன், கோட்டயத்துக்காரர். வெள்ளிக்கிழமை மாலை அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு என் கவலை புரியவே இல்லை. அவர்கள் பக்கத்தில் அப்பா பெயரில் ஒரு துண்டு, அம்மா பெயரில் ஒரு துண்டு எடுத்துப் பெயர் வைப்பது நடைமுறையாம். அவருடைய பிள்ளைகள் இரண்டும் அப்படித்தான். அண்ணன் பிள்ளைகள் மூன்றும் அப்படித்தான். அர்த்தம் என்ன என்று அங்கே கேட்கிறவனைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்களாம். சுமலீஜா நல்ல பெயர், ஆனால் கொஞ்சம் பழைய பாணி, இப்போதெல்லாம் இரண்டு எழுத்துக்கு மேல் யாரும் வைப்பதில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். உலகத்தில் என் கண்டுபிடிப்பைப் பழைய பாணி என்ற ஒரே மனிதர் அவர்தான்.

கடிதத்தை எழுதி ஃபேக்ஸ் செய்திருக்கலாம். பத்து வரி. சனிக்கிழமை காலை காகிதமும் எடுத்தேன். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதப் பேனா ஓடவில்லை. ஆட்சேபணை இருக்கிறது என்றும் ஓடவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவள் விட நினைப்பது பெயரையா, எங்களையா? போனில் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பழகியவன் இதை எப்படிக் கேட்பது?

அவசர விடுப்புக்குப் போனேன். பாஸ்போர்ட் கம்பெனியில்தான் இருக்கும். மேனேஜர் எகிப்துக்காரர், நல்லவர், எதையும் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டார். படிவத்தில் மரணம், நோய், திருமணம் என்று மூன்று கட்டங்கள். யார் இறந்தது என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். யாருக்குக் கல்யாணம் என்றார். இல்லை, மகளின் பெயர் என்றேன். என் அரைகுறை அரபியில் மகளுடைய பெயர் போகப்போகிறது என்று நான் சொன்னது மகளே போகப்போகிறாள் என்று அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. கடைசியில் அவர் தன் முழுப்பெயரைச் சொன்னார். அதில் அவர் அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா எல்லோரும் வரிசையாக நின்றார்கள். எங்கள் ஊரில் பெரியவர்கள் பெயருக்குப் பின்னால் நிற்பார்கள், நீ எல்லோரையும் உள்ளேயே ஏற்றிவிட்டாய், பிள்ளை எங்கே உட்காரும் என்று கேட்டுச் சிரித்தார். நோய் என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டுக் கொடுத்தார்.

4

திங்கட்கிழமை காலை மீனம்பாக்கத்தில் இறங்கினேன். நவம்பர் மழை. வேலு யாரிடமோ கார் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். இப்போது அவன் எஸ்டேட்டில் வெல்டர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர்களுக்கு ரம்யா, ராஜேஷ் என்று யாரும் சிரிக்க முடியாத பெயராகப் பார்த்து வைத்திருக்கிறான்.

இந்தப் பெயரை முதலில் கிண்டல் செய்தவன் அவன் என்பதால் அவன் பாப்பா பக்கம் இருப்பான் என்று எதிர்பார்த்தேன். வழியில் பாடி ஊரைத் தாண்டும்வரை பேசாமல் வந்தான். பிறகு சொன்னான்.

"பிரியான்னு வெச்சிட்டா நான் இன்னா சொல்லி ஓட்டறது மாமா? பதினஞ்சு வருசமா பல்பொடி, பல்பொடின்னு கூப்ட்டு பயகிட்ச்சி. நீ ஒத்துக்காத."

எனக்குக் கிடைத்த ஒரே ஆதரவு அப்படிப்பட்டது.

மல்லிகா என்னைப் பார்த்ததும், லெட்டர் கேட்டா ஆளே வந்துட்டாரே என்று தட்டில் இட்லி வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, சண்டை போடுகிற குரலில் இல்லாமல், எதிர்வீட்டுச் செய்தி சொல்வதுபோல் சொன்னாள். தடுப்பூசி போடுகிற இடத்தில், ரேஷன் ஆபீஸில், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, கணக்கெடுப்புக்கு வந்த ஆளிடம், எல்லா இடத்திலும் இந்தப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னது அவள்தான். வடநாடா என்று கேட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். ரேஷன் கார்டில் சுமதி என்று எழுதிக்கொண்டு, இதுதாம்மா சரியான பேரு என்று அவளுக்கே புத்தி சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க பேரு வெச்சிட்டு பிளேன் ஏறிட்டீங்க. கவுன்ட்டர்ல நிக்கறது நான்."

அப்படியென்றால் மாற்றிவிடலாம் என்கிறாயா என்று கேட்டேன். அதை அவளிடம் கேளுங்கள் என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

5

ஐந்து நாற்பதுக்குப் பாப்பா வந்தாள். பன்னிரண்டு வருடமாக அந்த நேரத்தில் அவள் குரலை மட்டும் கேட்டவன், அன்று ஆளையே பார்த்தேன். போன வருடம் என் தோளுக்கு இருந்தாள், இப்போது காதுக்கு. என்னைக் கண்டதும் சிரித்தாள். பிறகு எதற்கு வந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஷார்ஜா சாக்லேட்டைக் கொடுத்தேன். தேங்க்ஸ்ப்பா என்று வாங்கி, பிரிக்காமல் மேசைமேல் வைத்தாள்.

எதனால் என்று கேட்டேன். ஜூன் மாதத்தினால் என்றாள்.

அவள் சொன்னது இதுதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் புது மிஸ் வருவார். வருகைப் பதிவேட்டைத் திறந்து மளமளவென்று படித்துக்கொண்டே வருவார். அவள் பெயர் வந்ததும் நிற்பார். கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். யார் இது, எழுந்திரு, எந்த ஊர், என்ன அர்த்தம்? அவள் எழுந்து நின்று, எங்க தாத்தா சுப்புராயன், எங்க அம்மா மல்லிகா என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். ஒன்றாம் வகுப்பில் அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆறாம் வகுப்பில் சிரிப்பதுபோல் இருந்தாள். இந்த ஜூனில் சிரிக்க முடியவில்லை.

சரி, ஆனால் பிரியா எதற்கு என்றேன். அவள் வகுப்பில் ஏற்கனவே மூன்று பிரியாக்கள் இருப்பதை மல்லிகா சொல்லியிருந்தாள். நாலாவது பிரியாவாக இருப்பதில் என்ன பெருமை? இன்னொரு ஜானகிராமனாக இருந்த என் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அதுதாம்பா எனக்கு வேணும். கூட்டத்துல ஒருத்தியா உக்காரணும். யாரும் எழுந்து நிக்கச் சொல்லக் கூடாது."

 விமான நிலையத்தில், வங்கியில், ஆஸ்பத்திரியில் என் பெயர் வரும்போது கண்ணாடியை ஏற்றிக்கொள்கிற ஒருவரைப் பன்னிரண்டு வருடமாக நான் பார்த்து வருகிறேன். ஆவடி ரயில் நிலையத்தில் ஒருவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று அங்கே நினைத்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், அந்தப் பெயரை நான் எப்படி உண்டாக்கினேன் தெரியுமா என்று ஜாப் கார்டு கதையை ஆரம்பித்தேன். தாத்தா, அம்மா, பாட்டி, அப்பா என்று விரலை மடக்கினேன். அர்த்தம் நாமதான் என்று முடித்தேன்.

"இதுல நீங்க நாலு பேர் இருக்கீங்க. நான் எங்கப்பா இருக்கேன்?"

குரலில் கோபம் இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டாள். பிறகு டியூஷனுக்கு நேரமாகிறது என்று குடையை எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே மல்லிகா மிக்ஸியைப் போட்டாள். தேவைக்கு மேல் நேரம் ஓடவிட்டாள் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, ஷார்ஜாவில் ஓடாத பேனா ஓடியது. என் மகள் விரும்பும் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இப்படிக்கு, சு. ஜானகிராமன். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். கொடுப்பேன் என்று அப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

6

பதினொரு மணிக்கு நானும் மல்லிகாவும் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே இருந்த பெஞ்சைப் பார்த்து மல்லிகா என் கையைக் கிள்ளினாள். ஒரு கோடியில் என் அப்பா, வெள்ளைச் சட்டையில், நனைந்த வேட்டியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு. மறுகோடியில் என் மாமியார். நடுவில் இரண்டு பேர் உட்காரலாம். தூணுக்குப் பக்கத்தில் வேலு, மழையைப் பார்ப்பதுபோல் நின்றான். எல்லா இடத்திலும் போய்ச் சொன்னவன் அவன்தான் என்று கேட்காமலே தெரிந்தது.

உள்ளே தலைமை ஆசிரியையும் வகுப்பாசிரியையும் இருந்தார்கள். மேசைமேல் கோடு போட்ட பெரிய பட்டியல், ஒரு வரியில் மட்டும் பென்சில் குறி. பாப்பா மாதத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள், முடித்ததும் வரச் சொல்லியிருக்கிறது என்றார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் அழைக்கப்பட்டவர்கள். ஆனால் பின்னாலேயே அப்பா வந்தார். அவர் வந்தால் தானும் வருவேன் என்று மாமியார் வந்தார்.

தலைமை ஆசிரியை யார் யார் என்று கேட்டுக்கொண்டார். சுப்புராயன், மல்லிகா, லீலாவதி, ஜானகிராமன். பட்டியலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எண்கணிதத்துக்காகப் பெயர் மாற்ற வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறாராம், ஜோசியர் சொல்லி வந்தவர்களையும் பார்த்திருக்கிறாராம். ஒரு பெயரே ஆட்டோ பிடித்து நேரில் வந்து நிற்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். வகுப்பாசிரியை தலையைக் குனிந்துகொண்டார்.

இனி இங்கேயும் ஒரு சண்டை என்று நான் பயந்தேன். முதல் எழுத்துக்காரர் விடமாட்டார், மூன்றாவது எழுத்துக்காரர் அவரை விடமாட்டார். அப்பா ஈரத் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் போனார்.

"டீச்சரம்மா, மொத எழுத்து என்னுது. அத்த எட்த்துடுங்க. கொயந்தைக்கு அத்தால கஷ்டம்னா எனக்கு இன்னாத்துக்கு அது?"

 மாமியார் அப்பாவின் முகத்தைப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தார். பிறகு அவரும் முன்னால் வந்தார்.

"அவரே எட்த்துக்கினா எனக்கு மட்டும் இன்னாத்துக்கு? என்னுதயும் எட்த்துடுங்க. நீட்டி வெச்சி இன்னா பிரயோஜனம், யாரு கூப்புடறாங்க?"

மல்லிகா, என்னுடையதும் வேண்டாம் மேடம் என்றாள். தலைமை ஆசிரியை பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, இப்போது மிச்சம் கடைசி எழுத்து ஒன்றுதான், ஜா என்று ஒரு பெண்ணைப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடல் தாண்டி வந்தவன் நான்தான். எங்கள் நாலு பேரிலும் கடைசியாகத்தான் எனக்கு விட்டுக்கொடுக்க மனசு வந்தது. சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் கேட்ட பெயரையே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். 

வகுப்பாசிரியை ரப்பரை எடுத்தார்.

அப்போது பாப்பா வந்தாள். கையில் மைக்கறை, தோளில் ஒரு பக்கம் தாவணி நனைந்திருந்தது. வாசலில் நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தாத்தாவும் பாட்டியும் ஒரே மேசைக்குப் பக்கத்தில் நிற்பதை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தலைமை ஆசிரியை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, உன் வீட்டில் எல்லோரும் அவரவர் எழுத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள், சந்தோஷமா என்று கேட்டார். அவள் என் கடிதத்தை எடுத்துப் படித்தாள். பத்து வரிகூட இல்லை, ஆனால் நெடுநேரம் படித்தாள். மடித்துத் தன் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாலு பேரும் விட்டுட்டாங்கன்னா இப்ப அது யாரோடதும் இல்லயே மிஸ். அப்ப நான் எடுத்துக்கறேன். சுமலீஜான்னே இருக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நாளைக்கு எனக்கு ஒரு குழந்தை பொறந்தா, அதுக்குப் பேர் யோசிக்கற வேலை மட்டும் நீங்க வெச்சுக்காதீங்க."